பெய்ஜிங் அரண்மனை அரும்பொருளகம்: டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு போகலாமா?

பொங்கோல்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு பெய்ஜிங் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. விமான டிக்கெட்டும் எடுத்தாயிற்று. பெருஞ்சுவர் கணவரின் ஆசை. எனக்கு முக்கியம் அந்த அரண்மனைதான், தடைசெய்யப்பட்ட நகரம். சிக்கல் என்னவென்றால், மாமியாருக்கு முட்டிவலி, படி ஏறினால் அடுத்த நாள் முழுக்கப் படுக்கைதான். மகன் தொடக்கநிலை 5, பழைய கட்டடம் என்றாலே கொட்டாவி விடுவான். மகளுக்கு வரலாறு பிடிக்கும், அவளைப் பற்றிக் கவலையில்லை.

போன வருடம் போய்வந்த என் அண்ணி, "பெரிய பெரிய முற்றம், மூடின கதவு, அவ்வளவுதான், ஒரு மணி நேரம் போதும்" என்கிறார். அப்படித்தானா? அங்கே ஒரு நாள் செலவழிக்க என்ன இருக்கிறது? சுற்றுலா நிறுவனத்தோடு போவது நல்லதா, நாமே டிக்கெட் எடுத்துக்கொள்ளலாமா? போய்வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

தேக்கா_குமார்:
உங்கள் அண்ணி பொய் சொல்லவில்லை. நாங்கள் குழுவாகப் போனோம். கொடி பிடித்தவர் முன்னால் ஓட, நாங்கள் பின்னால் ஓட, தெற்கு வாசலில் நுழைந்து நேர்கோடு போட்டதுபோல் வடக்கு வாசலில் வெளியே வந்துவிட்டோம். சிம்மாசன மண்டபத்துக்குள் யாரையும் விடுவதில்லை. கதவுக்கு வெளியே தடுப்பு வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரே நெரிசல், எனக்கு முன்னால் பத்து இருபது கைகள், ஒவ்வொரு கையிலும் ஒரு கைப்பேசி. உள்ளே இருட்டில் பொன் நிறத்தில் ஏதோ மின்னியது, அதுதான் சிம்மாசனம் என்றார்கள். அரண்மனையை ஓடிக் கடந்தோமே தவிர, அன்று மாலை பட்டுக்கடையிலும் தேயிலைக்கடையிலும் மட்டும் சாவகாசமாக உட்கார வைத்தார்கள்.

இன்னொன்று, அங்கிருந்த நல்ல பொருள்களெல்லாம் இப்போது தைப்பேயில் இருக்கின்றன. பொருள் பார்க்க வேண்டுமென்றால் தைவான் போங்கள். காலியான வீட்டைப் பார்க்க இவ்வளவு தூரம் எதற்கு?

கட்டடப்பித்தன்:
குமார் அண்ணே, நீங்கள் பார்த்தது அரண்மனையின் முதுகெலும்பை மட்டும். குழுவாகப் போகிறவர்கள் எல்லாருக்கும் அதேதான் நடக்கிறது. தெற்கு வடக்காக 961 மீட்டர், கிழக்கு மேற்காக 753 மீட்டர், மொத்தம் 72 ஹெக்டேர். அதில் நடுக்கோட்டில் நடந்துவிட்டு "பார்த்தாச்சு" என்றால் எப்படி?

அந்த நடுக்கோடு பேரரசரின் அதிகாரத்தைக் காட்டுவதற்காகவே கட்டியது. முதல் முற்றங்களில் ஒரு மரம்கூட இருக்காது, நிழல் இருக்காது, உட்காரவும் இடம் இருக்காது. நீங்கள் சொன்ன அந்தச் சிம்மாசன மண்டபம்தான் தைஹ மண்டபம்; அதற்கு முன்னால் நிற்கிற மனிதன் தன்னைச் சிறியவனாக உணர வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. மூன்று அடுக்கு வெள்ளைக்கல் மேடையோடு சேர்த்து அதன் உயரம் சுமார் 35 மீட்டர். நம் சிங்கப்பூர் எச்டிபி அடுக்குமாடி புளோக்கில் பாதிப் பேர் அதைவிட உயரத்தில் குடியிருக்கிறோம். ஆனாலும் அந்த முற்றத்தில் நிற்கும்போது அது உயரம் குறைந்ததாகத் தோன்றவே தோன்றாது.

ஆட்கள் வாழ்ந்த இடம் பக்கவாட்டில் இருக்கிறது. கிழக்குப் பக்கம், மேற்குப் பக்கம் என்று சின்னச் சின்ன முற்றங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மரம், ஒரு தாழ்வாரம். அரசிகளும் துணைவியரும் இருந்த வீடுகள் அவை. அங்கே கூட்டம் பாதிகூட இருக்காது. பல மண்டபங்களைக் காட்சிக்கூடமாக மாற்றியிருக்கிறார்கள், உள்ளே போய் மண்பாண்டம், ஓவியம், மரச்சாமான் எல்லாம் பார்க்கலாம். நடுக்கோட்டை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு மிச்ச நேரத்தை அங்கே செலவழியுங்கள் என்பேன்.

கிழக்கில் நிங்ஷோ அரண்மனைப் பகுதி என்று ஒன்று உண்டு, தனி டிக்கெட் 10 யுவான். அதை யாரும் விடக்கூடாது. சியென்லொங் பேரரசர் தான் ஓய்வுபெற்ற பிறகு இருப்பதற்கென்று 1770களில் கட்டிக்கொண்டது. தாத்தா காங்ஷி 61 ஆண்டு ஆண்டாரே, அவரை மிஞ்சக்கூடாது என்று 1796இல் பட்டத்தை மகனிடம் கொடுத்தார். பட்டத்தைக் கொடுத்தாரே தவிர, பழைய அரண்மனையைக் காலி செய்யவில்லை. ஓய்வுக்குக் கட்டிய வீட்டில் அவர் குடியேறவே இல்லை.

அங்கேதான் அந்தப் பச்சைக்கல் மலை இருக்கிறது. ஒரே கல், 5 டன்னுக்கும் மேல், ஆளைவிட உயரம். மேற்குச் சீனாவின் கோதான் பக்கமிருந்து வெட்டிக் கொண்டுவந்து, யாங்சோவுக்கு அனுப்பிச் செதுக்கி, 1787இல் முடித்திருக்கிறார்கள். பழங்காலத்து யூ மன்னர் வெள்ளத்தை அடக்கிய கதை. கிட்டே போய்ப் பாருங்கள், மலைச்சரிவில் நகம் அளவுக்கு ஆட்கள் உளியும் நெம்புகோலுமாகப் பாறையை உடைத்துக்கொண்டிருப்பார்கள், ஒவ்வொருவர் முதுகும் ஒவ்வொரு விதமாக வளைந்திருக்கும். இதை எந்தப் பெட்டியில் போட்டுத் தைப்பேய்க்கு அனுப்ப முடியும்?

ஓலைச்சுவடி:
"நல்லதெல்லாம் தைப்பேயில்" என்பது பாதி உண்மை. வரிசையாகச் சொல்கிறேன்.

கடைசிப் பேரரசர் பூயி 1912இல் பட்டம் துறந்தார். ஆனாலும் உள்அரண்மனையில் இருக்க அவரை விட்டுவைத்தார்கள். 1924இல் ஒரு படைத்தலைவர் வந்து வெளியேற்றினார். அடுத்த வருடம் அக்டோபர் 10, 1925இல் அரண்மனை அரும்பொருளகம் திறந்தது. அதற்குள்ளேயே வீட்டுக்காரர் கைவரிசை காட்டிவிட்டார். தம்பிக்குப் பரிசு கொடுப்பதாகச் சொல்லி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியச் சுருள்களையும் எழுத்துச் சுருள்களையும் வெளியே கடத்தியிருக்கிறார். தினமும் பள்ளிக்கூடப் பை மாதிரி ஒரு மூட்டை வெளியே போகும். 1923இல் ஒரு மாளிகைத் தொகுதி தீப்பிடித்துச் சாம்பலானது. திருட்டை மறைக்க அண்ணகர்களே, அதாவது ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனைப் பணியாளர்களே, வைத்த தீ என்று சந்தேகப்பட்டு, அவர்களில் பெரும்பாலோரைப் பூயி விரட்டிவிட்டார்.

அப்புறம் ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்ததும், 1933இல் 13,000க்கும் மேற்பட்ட பெட்டிகளில் பொருள்களைக் கட்டித் தெற்கே அனுப்பினார்கள். ஷாங்ஹாய், நான்ஜிங், பிறகு போர் முற்றியதும் சிச்சுவான் பக்கம் குகைகளிலும் கோயில்களிலும். ரயிலிலும் லாரியிலும் படகிலும் போன பயணம். உள்நாட்டுப் போரின் முடிவில், 1948-49இல், அவற்றில் 2,972 பெட்டிகள் கடல் கடந்து தைவான் போயின. தைப்பேய் அரும்பொருளகம் 1965இல் திறந்தது. எண்ணிக்கையில் கால்பங்குக்கும் குறைவு, தரத்தில் பொறுக்கியெடுத்தவை. அந்த மட்டில் குமார் சொல்வது சரி.

ஆனால் பெய்ஜிங்கில் இன்று 18 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. தைப்பேயில் ஏறக்குறைய 7 லட்சம். சீன ஓவியத்தில் மிகப் புகழ்பெற்ற அந்த ஆற்றங்கரைத் திருவிழாச் சுருள், சாங் செதுவான் வரைந்தது, 5 மீட்டருக்கும் மேல் நீளம், அது பெய்ஜிங்கில்தான் இருக்கிறது. பூயி கடத்திய கூட்டத்தில் போன சுருள் அது, போருக்குப் பிறகு கிடைத்தது. 2015இல் அதைக் காட்சிக்கு வைத்தபோது கதவு திறந்தவுடன் மக்கள் ஓடிப்போய் வரிசை பிடித்தார்கள். எப்போதும் காட்சியில் இருக்காது, அதனால் அதை நம்பிப் போகாதீர்கள்.

தேக்கா_குமார்:
18 லட்சம் பொருள் கிடங்கில் இருந்தால் எனக்கென்ன, 5 லட்சம் இருந்தால் எனக்கென்ன? நான் பார்க்க முடிந்தது எத்தனை? அதைச் சொல்லுங்கள். தைப்பேயில் குளிர்சாதன வசதியோடு, நல்ல விளக்கு வெளிச்சத்தில், ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

கட்டடப்பித்தன்:
அது அரும்பொருளகமாகவே கட்டியது அண்ணே. இது வீடு. வீட்டை வீடாகத்தான் பார்க்க முடியும்.

மருமகள்_சூ:
டிக்கெட் விவரம் நான் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் சீனர், அவர் உறவினரைப் பார்க்க அடிக்கடி பெய்ஜிங் போகிறோம், அதனால் இந்த வேலை எப்போதும் என் தலையில்தான் விழும்.

பொங்கோல் அக்கா, வாசலில் டிக்கெட் விற்பனை கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 நாளுக்கு முன்னால், இரவு 8 மணிக்கு இணையத்தில் திறப்பார்கள். பெய்ஜிங்குக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் கணக்குப் போட வேண்டியதில்லை. வீசாட்டுக்குள் இருக்கும் அவர்களுடைய சிறு செயலியிலும் எடுக்கலாம், அதிகாரபூர்வ இணையத்தளத்திலும் எடுக்கலாம். ஒவ்வொருவரின் பாஸ்போர்ட் எண்ணும் வேண்டும். அந்த பாஸ்போர்ட்தான் டிக்கெட், வாசலில் அதை வைத்தால் கதவு திறக்கும். ஹோட்டல் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வந்து வாசலில் விழிக்கிறவர்களை எப்போதும் பார்க்கலாம்.

நவம்பர் முதல் மார்ச் வரை 40 யுவான், மற்ற மாதங்களில் 60. அதாவது டிசம்பரில் நம் காசுக்கு 8 வெள்ளிக்குள். நிங்ஷோ பகுதிக்கு 10, கடிகாரக் கூடத்துக்கு 10, இரண்டையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும், பயணத்திட்டத்தைப் போட்டுவிட்டுப் பிறகு இதைக் கண்டுபிடிக்கிறவர்கள் நிறைய. குளிர்காலத்தில் மாலை நாலரைக்கு மூடிவிடுவார்கள், மூன்றரைக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். ஆகவே காலை நுழைவையே எடுங்கள்.

தெற்கே வூமென் வாசல் வழியாகத்தான் நுழைய முடியும். ஆனால் அதற்காகத் தியானன்மென் சதுக்கத்தைக் கடந்துதான் போக வேண்டும் என்றில்லை. சதுக்கத்துக்குத் தனி முன்பதிவு, தனிச் சோதனை, நீண்ட வரிசை. 8ஆம் தட ரயிலில் ஜின்யூ ஹுதோங் நிலையத்தில் இறங்கி மேற்கே நடந்தால் கிழக்கு வாசலான டொங்ஹுவாமென் வரும். அங்கிருந்து அகழி ஓரமாகவே வூமென் போய்விடலாம். மாமியாருக்கு நடை அதிகம் என்றால் டாக்சியை டொங்ஹுவாமென் பக்கம் விடச் சொல்லுங்கள். அந்த அகழி ஓரத்தில் மூலைக் கோபுரம் தண்ணீரில் தெரியும், படம் எடுக்க நல்ல இடம்.

விசா_வரிசை:
இடையில் ஒரு கேள்வி. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விசா தேவையில்லை என்று தெரியும். நான் நிரந்தரவாசி, இந்திய பாஸ்போர்ட். எனக்கும் அது பொருந்துமா?

மருமகள்_சூ:
பொருந்தாது தம்பி. 2024 பிப்ரவரியில் தொடங்கிய 30 நாள் ஏற்பாடு சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். நிரந்தரவாசி அட்டையைக் காட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை, இங்கேயே விசா எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். குடும்பத்தில் பாதி குடிமக்கள், பாதி நிரந்தரவாசி என்றிருந்தால் விசா கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.

அங்மோகியோ_தாத்தா:
வணக்கம். வேலையில் இருந்த காலமெல்லாம் கட்டுமானத் தளத்தில் இருந்தவன் நான். சிம்மாசனம், பச்சைக்கல் எல்லாம் பிள்ளைகள் பார்த்தார்கள். நான் பார்த்தது சாக்கடை. சிரிக்காதீர்கள்.

மூன்று பெரிய மண்டபங்கள் நிற்கிற அந்த வெள்ளைக்கல் மேடையின் ஓரத்தில், ஒவ்வொரு தூணுக்கும் கீழே ஒரு டிராகன் தலை நீட்டிக்கொண்டிருக்கும். 1,142 தலைகள். அழகுக்காக வைத்தது என்று நினைப்பீர்கள். வாய்க்குள் பாருங்கள், துளை இருக்கும். மேடையில் விழுகிற மழை அத்தனையும் அதன் வழியாகக் கீழடுக்குக்கும் அங்கிருந்து முற்றத்துக்கும் இறங்கும். முற்றமோ தட்டையாகத் தெரியும், ஆனால் நடுவில் சற்றே உயர்ந்து ஓரத்துக்குச் சாய்ந்திருக்கும். வளாகம் முழுக்க வடக்கிலிருந்து தெற்குக்கு ஏறக்குறைய 2 மீட்டர் சரிவு. நிலத்தடிக் கால்வாயெல்லாம் சேர்ந்து உள்ளே ஓடும் பொன்னீர் ஆற்றில் விழுந்து வெளியே போய்விடும். 1420இல் கட்டி முடித்தது, இன்றும் தண்ணீர் வடிகிறது. 2010இல் ஆர்ச்சர்ட் ரோடு மூழ்கியபோது அங்கே இருந்தவன் நான், அதனால் இதைப் பார்த்ததும் ஒரு மரியாதை வந்துவிட்டது.

இன்னொன்று, மூன்றாவது மண்டபத்துக்குப் பின்னால் படிக்கட்டு நடுவில் டிராகன் செதுக்கிய ஒரே கல். 16 மீட்டருக்கு மேல் நீளம், 200 டன்னுக்கும் அதிகம். கிரேன் இல்லாத காலம். குளிர்காலத்தில் வழிநெடுகக் கிணறு தோண்டி, சாலையில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்து, அந்தப் பனிக்கட்டிமேல் இழுத்து வந்தார்கள் என்பது அங்கே சொல்லும் வரலாறு. சக்கரம் வைத்தால் அச்சு முறிந்துவிடும் எடை அது. எங்கள் காலத்தில் 40 டன் தூக்குவதற்கே ஒரு வாரம் கூட்டம் போடுவார்கள்.

9,999 அறை என்று வழிகாட்டிகள் சொல்வதை நம்ப வேண்டாம். தூணுக்கும் தூணுக்கும் நடுவில் உள்ள இடத்தை ஒன்று என்று கணக்கிட்டு எண்ணியதில் 8,700 சொச்சம்தான் வந்தது. சொர்க்கத்தில் 10,000 அறை, அதைவிட ஒன்று குறைவு என்பது காது குளிரக் கேட்கிற கதை.

அம்மாவின் முட்டிவலிக்கு: மேடைமேல் ஏற வேண்டிய கட்டாயமில்லை. கீழே முற்றத்திலிருந்தே தைஹ மண்டபத்தைப் பார்த்துவிட்டு, பக்கவாட்டு வாசல்கள் வழியாக அடுத்த முற்றத்துக்குப் போகலாம். படியைவிடத் தொல்லை நிலைப்படிதான். சில வாசல்களில் முழங்கால் உயரத்துக்கு இருக்கும். மடக்கு சக்கர நாற்காலி ஒன்று கொண்டுபோங்கள், பேரப்பிள்ளை தள்ளட்டும், அவனுக்கும் ஒரு வேலை ஆச்சு.

பொங்கோல்_அம்மா:
தாத்தா, மிக்க நன்றி! உங்கள் சாக்கடைக் கதையை மகனிடம் படித்துக் காட்டினேன், முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். 1,142ஐயும் எண்ணப் போகிறானாம். அவனுக்கென்று வேறு ஏதாவது இருக்கிறதா?

கட்டடப்பித்தன்:
இருக்கிறது அக்கா. கூரை விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் சின்ன விலங்குகளை எண்ணச் சொல்லுங்கள். கட்டடத்தின் தகுதியைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். பேரரசரின் மாளிகைக்கு 9, பேரரசியின் மாளிகைக்கு 7, துணைவியர் வீடுகளுக்கு 5. முழுதாக 10 இருப்பது தைஹ மண்டபத்தில் மட்டும். பத்தாவதாக நிற்பது சிறகு முளைத்த குரங்கு மாதிரி ஒன்று. எந்தக் கட்டடம் யாருடையது என்று பலகையைப் பார்க்காமலே அவன் உங்களுக்குச் சொல்லிவிடுவான்.

கூரை நிறத்தையும் கவனிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் மஞ்சள், பேரரசரின் நிறம். நூலகத்துக்குக் கறுப்பு ஓடு. கறுப்பு தண்ணீருக்கு உரிய நிறம், புத்தகத்துக்குத் தீ பகை, அதனால் அப்படி. மொத்தமும் மரக்கட்டடம் என்பதால் தீ என்றால் அவர்களுக்கு உயிர் போகிற பயம். தைஹ மண்டபமே பல தடவை எரிந்து, இப்போது நிற்பது 1690களில் கட்டியது. முற்றங்களில் பெரிய பெரிய செம்புத் தொட்டிகள் இருக்கும், தீயணைக்கத் தண்ணீர் வைத்திருந்தவை. குளிரில் உறைந்துவிடாமல் கீழே கரி போட்டுச் சூடாக்குவார்களாம். பொன்முலாம் பூசிய தொட்டிகளில் கையை வைக்காமல் கிட்டே போய்ப் பாருங்கள், மேலிருந்து கீழாகக் கோடு கோடாகச் சுரண்டிய தடம் தெரியும். 1900இல் புகுந்த வெளிநாட்டுப் படைகள் பொன்னைச் சுரண்டியது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள்.

கடிகாரக் கூடம் பிள்ளைகளுக்குக் கட்டாயம். சீனப் பேரரசர்களுக்கு ஐரோப்பியக் கடிகாரப் பைத்தியம். அதில் ஒரு பிரிட்டிஷ் கடிகாரத்தில் மண்டியிட்ட ஒரு சின்ன வெள்ளைக்கார பொம்மை, தூரிகை பிடித்து 8 சீன எழுத்துகளை எழுதும். மின்சாரம் இல்லை, கணினி இல்லை, வெறும் பற்சக்கரம்.

மருமகள்_சூ:
பூனைகளை விட்டுவிட்டீர்களே. உள்ளே நிறையப் பூனைகள் வாழ்கின்றன, ஊழியர்களே சாப்பாடு போட்டு வளர்க்கிறார்கள். என் பிள்ளைகளுக்குப் பேரரசர்கள் பெயர் ஒன்றுகூட ஞாபகமில்லை, பூனைகளை மட்டும் இன்னும் பேசுகிறார்கள்.

ஓலைச்சுவடி:
பையனிடம் பூயியின் சைக்கிளையும் சொல்லுங்கள். பட்டம் போன பிறகும் உள்ளேயே அடைந்துகிடந்த பையன் அவர். சைக்கிள் கற்றுக்கொண்டதும், தடையில்லாமல் ஓட்ட வேண்டும் என்று பல வாசல்களில் நிலைப்படியை அறுத்து எடுக்கச் சொல்லிவிட்டார். தாத்தா சொன்ன அந்த முழங்கால் உயர நிலைப்படிகள்தான். நூற்றாண்டுக் கணக்காக யாரும் தொடாதவை.

மகளுக்கு வேறொரு விஷயம். இந்த அரண்மனையைக் கட்டிய யோங்லெ பேரரசர்தான் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் கப்பல்களையும் அனுப்பியவர். 1406இல் அரண்மனை வேலை தொடங்குகிறது. 1409ஆம் ஆண்டுத் தேதியிட்ட ஒரு கல்வெட்டை செங் ஹே இலங்கைக்குக் கொண்டுபோய் நாட்டுகிறார். அதில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை, பாரசீகப் பகுதி அல்லாவுக்கு, தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கு. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, விளக்கு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் போகும். 1911இல் காலி நகரில் ஒரு வடிகால் மேல் கவிழ்த்துப் போட்டிருந்த அந்தக் கல்லைக் கண்டெடுத்தார்கள், இப்போது கொழும்பு அரும்பொருளகத்தில் இருக்கிறது. பெய்ஜிங் அரண்மனையின் முதல் செங்கற்கள் அடுக்கப்பட்ட அதே ஆண்டுகளில், அதே பேரரசரின் பெயரால், சீனாவில் தமிழ் எழுத்தைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

அங்மோகியோ_தாத்தா:
வடிகால் மேலா? பாவிகள்.

தேக்கா_குமார்:
ஆரம்பித்துவிட்டீர்களா! எங்கே போனாலும் தமிழைத் தேடாமல் நமக்குத் தூக்கம் வராது. கல் கொழும்பில் இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். பெய்ஜிங் அரண்மனையில் பார்க்க நம்முடையது ஒன்றும் இல்லை.

ஓலைச்சுவடி:
தமிழ் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். இந்தியா இருக்கிறது. சியென்லொங் பேரரசருக்கு முகலாயப் பச்சைக்கல் பாத்திரங்கள் மீது அப்படி ஒரு மோகம். காகிதம்போல் மெல்லியதாகச் சீவிய கிண்ணங்கள், இலைவடிவக் கைப்பிடிகள். தன் ஊர்க் கைவினைஞர்களால் இந்த அளவு மெலிதாகச் செய்ய முடியவில்லையே என்று கவிதையே எழுதி, அதை அந்தக் கிண்ணத்திலேயே பொறிக்கச் சொல்வார். மனிதர் 40,000க்கும் மேற்பட்ட கவிதை எழுதியவர், கிடைத்த இடத்திலெல்லாம் எழுதுவார். பழைய ஓவியங்களில் வானம் வெறுமையாக இருந்தால் அங்கே அவர் முத்திரை விழுந்திருக்கும். எனக்கு அது பிடிக்காது. நல்ல ஓவியத்தைக் கெடுத்த கை அது.

செங்காங்_வாசகி:
நான் இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். குமார் அண்ணன் "காலியான வீடு" என்றது மனதில் நின்றுவிட்டது. நம் ஊரிலேயே ஓர் அரண்மனை அரும்பொருளகமாக மாறியதே, கம்போங் கிளாம் இஸ்தானா. சுல்தான் அலி 1840களில் கட்டியது. சுல்தானின் வாரிசுகள் 1999 வரைக்கும் அங்கே குடியிருந்தார்கள். பிறகுதான் அவர்களை மாற்றிவிட்டுப் பழுதுபார்த்து, 2005இல் மலாய் மரபுடைமை நிலையமாகத் திறந்தார்கள். கட்டடம் பளிச்சென்று ஆனது. ஆனால் என் அம்மா சுல்தான் கேட் பக்கம் வேலை பார்த்தபோது, அந்த வளாகத்தில் கயிறு கட்டித் துணி உலர்த்தியிருந்ததைச் சொல்வார். அந்த வாழ்க்கை எந்தக் காட்சிப்பெட்டியிலும் இல்லை. அரண்மனையை அரும்பொருளகமாக்கும்போது முதலில் வெளியே போவது வீட்டு மனிதர்கள்தானே. பெய்ஜிங்கிலும் அப்படித்தான் தோன்றியது எனக்கு.

கட்டடப்பித்தன்:
நல்ல கருத்து. ஆனால் அங்கே வாழ்ந்தவர்களின் தடம் முழுக்கப் போய்விடவில்லை. உள்அரண்மனை வீடுகளின் தாழ்வாரத்தில் தரைமட்டத்தில் மரப்பலகை போட்டு மூடிய குழிகள் இருக்கும். அதற்குள் இறங்கித்தான் பணியாளர்கள் கரி மூட்டுவார்கள், சூடு தரைக்கு அடியில் ஓடும். உள்ளே இருந்த அரசிக்குக் கால் சுடச்சுட இருக்கும், வெளியே குழிக்குள் ஒருவர் குந்தியிருப்பார். பேரரசியின் மாளிகையில் ஒரு பக்கம் சிவப்பு மணவறை, இன்னொரு பக்கம் பன்றியை வேகவைக்கும் பெரிய அண்டாக்கள், மஞ்சூரியப் பூசைக்கு. கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்க்க வேண்டும். யாரும் பார்க்காமல் போகிறார்கள்.

நிங்ஷோ பகுதியில் மூன்று மாடி நாடக மேடை உண்டு. மேல்தளத்தில் திறப்புகள், அதன் வழியாகத் தேவர்கள் கயிற்றில் இறங்குவார்கள். கீழ்த்தளத்துக்கு அடியில் கிணறு, குரல் எதிரொலிக்க. பேரரசர் தாய் சிஷி எதிரே உட்கார்ந்து பார்த்த மேடை. அதே பகுதியின் வடகோடியில் இன்னொரு கிணறும் இருக்கிறது. 1900இல் அரசவை தப்பி ஓடும்முன் சென் என்ற துணைவியை அதில் தள்ளினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது, சிஷியின் ஆணை என்றும் சொல்வார்கள். கிணற்றின் வாய் அவ்வளவு சின்னது, பார்த்தால் நம்ப முடியாது.

தேக்கா_குமார்:
இதில் ஒன்றைக்கூட எங்களுக்குக் காட்டவில்லை. அந்தக் கொடிக்காரரைத்தான் தேட வேண்டும். இருந்தாலும் பொருள் பார்க்கத் தைப்பேய்தான், என் கருத்தில் மாற்றமில்லை.

பொங்கோல்_அம்மா:
சரி, நாமே டிக்கெட் எடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன். வூமெனில் நுழைந்து, முதல் முற்றங்களைக் கீழிருந்தே பார்த்துவிட்டு, மூன்றாவது மண்டபத்துக்குப் பிறகு கிழக்கே திரும்பி நிங்ஷோ பகுதி. சரிதானே? மாமியார் சைவம், அதையும் சொல்லிவிடுங்கள். குளிர் எப்படி?

மருமகள்_சூ:
வழி சரிதான் அக்கா. நிங்ஷோவின் வடகோடியில் வெளியே வந்தால் வடக்கு வாசல் பக்கத்திலேயே இருக்கும், அத்தைக்குத் திரும்பி நடக்க வேண்டிய வேலையில்லை. ஒருமுறை வெளியேறினால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள், கழிவறை, நினைவுப்பொருள் கடை எல்லாம் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். எதிரே ஜிங்ஷான் குன்று, அகழி தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பியது. மிங் வம்சத்தின் கடைசிப் பேரரசர் 1644இல் தூக்கிட்டுக்கொண்டது அங்கேதான். உச்சியிலிருந்து மஞ்சள் கூரைகள் மொத்தமும் தெரியும். பிள்ளைகள் ஏறட்டும், அத்தையை நீங்கள் கீழே பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிர் சுழியத்துக்குக் கீழே போகும், காற்று வேறு. முற்றங்களில் ஒதுங்க இடமில்லை. முஸ்தபாவில் வாங்கும் மெல்லிய குளிராடை போதாது, காதுமூடும் தொப்பியும் தடித்த அடிப்பாகமுள்ள காலணியும் கட்டாயம். சைவத்துக்கு அரண்மனைக்குள் நம்பிப் போகாதீர்கள், ரொட்டியும் பழமும் கொண்டுபோங்கள். இரவுக்கு யோங்ஹே கோயில் பக்கம் பௌத்த சைவ உணவகங்கள் இருக்கின்றன. பூண்டு, வெங்காயம்கூடப் போடாத சமையல், அத்தைக்குப் பிடிக்கும்.

விசா_வரிசை:
இன்னொரு சந்தேகம். என் மனைவி சிங்கப்பூர்க் குடிமகள், பாஸ்போர்ட்டில் பெயருக்கு நடுவில் 'இன்னாரின் மகள்' என்பதற்கான டி/ஓ என்று சாய்கோடு இருக்கிறது. முன்பதிவுப் படிவம் அந்தக் கோட்டை ஏற்கவில்லை. என்ன செய்வது?

மருமகள்_சூ:
நம் ஆட்கள் எல்லாருக்கும் வரும் தொல்லை இது. பாஸ்போர்ட்டில் படம் உள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரி கணினி எழுத்து இருக்கும் பாருங்கள், அதில் சாய்கோடு இருக்காது. அங்கே உள்ளபடியே பெயரைப் போடுங்கள். எண்ணில் ஓர் எழுத்துகூடத் தவறக்கூடாது, வாசலில் இயந்திரம் பார்ப்பது அதைத்தான். படிவத்தை முதல்நாளே நிரப்பிப் பழகிக்கொள்ளுங்கள். 8 மணிக்குத் திறந்ததும் டிசம்பர் சனி, ஞாயிறு காலை நுழைவு கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். புதன் அல்லது வியாழன் பாருங்கள்.